'ஹம்' என்றால் யார்? குழுவை விட்டுத் தனியே பாடப் போனவர்களை முன்வைத்து

சென்ற ஆண்டு எங்கள் வளாகப் பாடற்குழுவின் கூட்டமொன்றில், பீகாரிலிருந்து வந்து எங்களோடு பாடிக்கொண்டிருந்த தோழி எழுந்து நின்று, "ஹம் அலக் காயேங்கே" என்றார். சில கணங்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. செந்தர இந்தியில் 'ஹம்' என்பது தன்மைப் பன்மை. 'நாங்கள் தனியே பாடப்போகிறோம்' என்று அவர் சொல்வதாக எண்ணிய தெலுங்குத் தோழர், உடன் போகிறவர்கள் யார் யார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை. போஜ்புரி வழங்கும் பகுதிகளில் 'ஹம்' என்றால் 'நான்'. வினைமுற்று பன்மையில் நின்றாலும் பொருள் ஒருமைதான். அவர் ஒருவர் மட்டுமே போகிறார். பாட்டி வழியாகத் தமக்கு வந்த சோஹர் பாடல்களையும் திரிகை அரைக்கையில் பாடும் ஜத்சார் பாடல்களையும் இனித் தனிக்குரலில் பாடப்போகிறார்.

அதன் பிறகு நடந்தது அழகானதன்று. போராட்ட மேடைகளில் எல்லாரும் சேர்ந்து ஈட்டிய பெயரை ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார் என்றது ஒரு தரப்பு. இத்தனை காலம் குழுவுக்குள் கரைந்து கிடந்தவர் இப்போதுதான் தம் குரலைக் கண்டடைந்தார் என்றது மறுதரப்பு. நான் இரண்டும் சொல்லவில்லை, வாய்மூடி இருந்தேன். அதுவும் ஒரு தரப்புதான் என்பது பின்னரே உறைத்தது. இப்போது யோசிக்கையில், கடிந்துகொண்டவர்களும் வாழ்த்தியவர்களும் ஒரே பிழையைச் செய்ததாகவே தோன்றுகிறது. இருவருமே குழுவையும் தனிக்குரலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணிக்கொண்டார்கள். குழு என்றால் 'நாம்', தனி என்றால் 'நான்' என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதைக் காட்ட நான் அறிந்த சிறந்த வாழ்க்கை பெர்னீஸ் ஜான்சன் ரீகனுடையது. 2024 ஜூலையில் அவர் மறைந்தபோது நம் பக்கத்தில் அது பெரிதாகப் பேசப்படவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

1942இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கே, ஆல்பனி நகரை ஒட்டிய சிற்றூர்ப் பகுதியில் பிறந்தவர் அவர். தந்தை பாப்டிஸ்ட் போதகர். அவர்களுடைய தேவாலயத்துக்குப் பியானோ வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது பதினொன்று. அதுவரை கைத்தட்டும் காலடியும் குரலுந்தான் இசை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் அதைப் பற்றிக்கொண்டு போகும் முறை. பாடகர், கேட்பவர் என்ற பிரிவே அங்கு இல்லை. கருவி இல்லாமல் ஒரு பாட்டை நிறுத்திவைப்பது எப்படி என்பதை அவர் கற்றது அங்கேதான். பின்னாளில் அவர் கட்டிய இசையனைத்தும் அந்தப் பியானோ இல்லாத தேவாலயத்திலிருந்து வந்தது என்றே சொல்வேன்.

1961 டிசம்பரில் ஆல்பனியில் நிறவெறிக்கு எதிரான பேரணிகள் தொடங்கின. ஆல்பனி அரசுக் கல்லூரி மாணவியாக இருந்த பெர்னீஸ் கைதானார், கல்லூரியிலிருந்து நீக்கவும்பட்டார். பேரணி முடிந்து தேவாலயத்தில் கூடியவர்கள் அவரை ஒரு பாட்டு எடுக்கச் சொன்னார்கள். அவர் எடுத்தது பழைய ஆன்மிகப் பாடல் ஒன்று. தலைக்கு மேலே வானில் துன்பம் தெரிவதாகச் சொல்லும் பாட்டு அது. வாய் திறக்கும் கணத்தில் 'துன்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'விடுதலை' என்ற சொல்லை வைத்துப் பாடினார். மொத்தமாக மாறியது ஒரே ஒரு சொல். நாட்டார் மரபு புதுப்பிக்கப்படுவது பெரும்பாலும் இவ்வளவு சிறிய இடத்தில்தான். சட்டகம் எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கும், ஒரு குழி மட்டும் காலியாக இருக்கும், அன்றைய தேவை அதில் வந்து உட்காரும். மொழியியல் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1962இல் வன்முறை தவிர்த்த மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவின் சார்பில் 'ஃப்ரீடம் சிங்கர்ஸ்' உருவானது. கார்டெல் ரீகன், ரூதா மே ஹாரிஸ், சார்ல்ஸ் நெப்லெட், பெர்னீஸ் ஆகிய நால்வர். கருவிகள் இல்லை. ஒரு காரில் ஏறி மாநிலம் மாநிலமாகச் சென்று கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் பாடினார்கள். தெற்கே யார் சிறையில் இருக்கிறார்கள், எந்த ஊரில் என்ன நடந்தது என்பதைப் பாட்டாகச் சொல்லி இயக்கத்துக்குப் பணம் திரட்டினார்கள். பாடும் செய்தித்தாள் என்று அவர்களைச் சொல்வதுண்டு. 1963 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழா, ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணி என்று அவ்வாண்டு அவர்களுக்கு உச்சம். அதே ஆண்டு இறுதியில் அந்த முதல் நால்வர் குழு கலைந்தது.

தனிக்குரலுக்கு அவர் போன காரணங்களைப் பேசும்போது 'கலைத்தேடல்' என்ற பெரிய சொல்லைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரும் கார்டெலும் 1963இல் மணம் செய்துகொண்டவர்கள். மகள் தோஷி 1964 ஜனவரியில் பிறந்தார். அடுத்த ஆண்டு மகன். கைக்குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான மைல் போகும் குழு வாழ்க்கை ஒரு தாய்க்கு வாய்ப்பதில்லை. வாய்க்கும்படி எவரும் ஏற்பாடும் செய்வதில்லை. 1964இல் மறுபடி உருவான ஃப்ரீடம் சிங்கர்ஸ் முழுதும் ஆண்களின் குழு. ஒரு பெண் குழுவை விட்டுத் தனியே பாடினார் என்று எழுதும் வரலாற்றாசிரியர், குழு எந்த நேரத்தில் புறப்பட்டது, தொட்டில் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

1965இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அவருடைய தனி இசைத்தட்டை வெளியிட்டது. தெற்கத்திய நாட்டார் பாடல்கள் என்பதே அதன் தலைப்பின் பொருள். போராட்ட மேடையின் பாடகி, போராட்டத்துக்கு முந்தைய பாடல்களுக்குத் திரும்பினார் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான் அதைத் திரும்புதல் என்று எண்ணவில்லை. ஃப்ரீடம் சிங்கர்ஸ் வட மாநிலங்களில் பாடியபோது எதிரே இருந்தவர்களில் பெரும்பகுதியினர் தெற்கைச் செய்தித்தாளில் மட்டும் அறிந்தவர்கள். அந்த மேடையில் 'வி' என்ற சொல்லுக்கு ஒரு வேலை இருந்தது.

இங்கேதான் நம் மொழி உதவிக்கு வருகிறது. ஆங்கிலத்தின் 'வி' எதிரே இருப்பவரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்று சொல்லாது. தமிழ் சொல்லியே தீரும். 'நாம்' என்றால் நீங்களும் உள்ளே, 'நாங்கள்' என்றால் நீங்கள் வெளியே. தெலுங்கு, மலையாளம் மட்டுமன்றி மராத்தியும் குஜராத்தியும் இந்த வேறுபாட்டைக் காக்கின்றன. கன்னடம் இழந்துவிட்டது. இந்தி அதைக் கொள்ளவேயில்லை. நம் இலக்கணிகள் இதற்கு 'உளப்படுத்தல்' என்றொரு சொல் வைத்திருக்கிறார்கள். அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும், எம், ஏம், ஓம் படர்க்கையாரை உளப்படுத்தும் என்று நன்னூலார் வினை விகுதியிலேயே கோடு கிழித்தார். இன்றைய தமிழில் 'ஓம்' ஒன்றே இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. ஆகவே பெயரை விட்டுவிட்டு 'வெல்வோம்' என்று மட்டும் எழுதும் மொழிபெயர்ப்பாளர் தப்பித்துக்கொள்ளலாம். பெயரைச் சேர்த்தாரானால் யாரை உள்ளே விடுகிறார் என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

'வி ஷல் ஓவர்கம்' பாடலைப் பற்றித்தான் சொல்லவருகிறேன். தேவாலயங்களில் அதன் மூலம் 'நான்' என்று தொடங்கியது. 1945–46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் புகையிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 'நான்' அங்கே 'நாம்' ஆயிற்று என்றும், அதைப் பாடியவர் லூசில் சிம்மன்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி என்றும் கூறப்படுகிறது. பின்னர் அது டென்னசியின் ஹைலேண்டர் பள்ளி வழியாக இயக்கத்துக்குள் வந்தது. 1960இல் அப்பாடலுக்குப் பதிப்புரிமை பதிவானபோது அதில் இடம்பெற்றவை சிம்மன்ஸின் பெயர் அல்ல, வெள்ளையர்களான நாட்டார் இசைக் கலைஞர்களின் பெயர்கள். வருவாய் பொதுநல நிதிக்கே போயிற்று, அவர்கள் அதைத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனாலும் 'நாம்' என்று மாற்றியவளின் பெயர் அந்த 'நாம்'இல் இல்லை. வழக்கு நடந்து 2018இல்தான் பாடல் பொதுவுடைமை ஆயிற்று.

குழுவின் பன்மையை இயல்பாகவே நேர்மையானது என்று நம்புகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். பன்மை பல வேளைகளில் ஒரு போர்வை. எங்கள் வளாகக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவரொட்டியில் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். எவர் எழுதியது, எவருடைய ஊர்ப் பாட்டு, எந்த அத்தையிடமிருந்து பெற்றது என்ற விவரம் எதுவும் இருக்காது. தோழியின் பாட்டியினுடைய பாடல்கள் மூன்றாண்டுகள் எங்கள் பாடல்களாக இருந்தன. அவர் அவற்றை எடுத்துக்கொண்டு போனபோது 'நம் பாட்டு' போகிறதே என்று நாங்கள் கலங்கினோம். அந்த 'நம்'இல் அந்தப் பாட்டி இருந்தாரா?

ரீகனின் கருத்து இன்னும் கூர்மையானது. 1991இல் பில் மோயர்ஸுடனான தொலைக்காட்சி உரையாடலில் அவர் இந்த 'நான்'–'நாம்' மாற்றத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். கறுப்பின மரபில் கூட்டு உணர்வைச் சொல்லும் பாடல்கள் 'நான்' என்றே அமையும். சபையில் ஒவ்வொருவரும் 'நான்' என்று பாடுகிறார்கள், அத்தனை 'நான்'களும் சேர்ந்தால்தான் கூட்டம் உண்டாகிறது. 'நாம்' என்று பாடும்போது யார் வருவார்கள், யார் பின்வாங்குவார்கள் என்று தெரிவதில்லை, ஒருவர் அதில் ஒளிந்துகொள்ளலாம். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். வெவ்வேறு மக்கள் சேர்ந்து நிற்க வேண்டியிருந்த காலத்தில் 'நாம்' தேவைப்பட்டது என்பதையும் அவர் மறுக்கவில்லை. இதை முதலில் கேட்டபோது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. நம் மேடைகளில் 'நான்' என்பதைத் தன்முனைப்பின் அடையாளமாகவும் 'நாம்' என்பதை அறத்தின் அடையாளமாகவும் பழகியவர்கள் நாம். கூட்டத்தில் 'நாம் செய்வோம்' என்று முடிவெடுத்து, மறுநாள் அரங்கைப் பெருக்க ஒருவரும் வராத அனுபவம் உள்ள எவரும் ரீகன் சொல்வதைப் புரிந்துகொள்வார்.

அப்படிப் பார்த்தால் 1965இன் தனி இசைத்தட்டை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் குரல் தனியாக இருக்கிறது, ஆனால் அது 'தனிமனித'க் குரல் அல்ல. அடியெடுத்துக் கொடுக்கிறவரின் குரல் அது. எதிர்ப்பாட்டுக்கு இடம்விட்டுக் காத்திருக்கும் குரல். நாட்டார் தனிப்பாடகரை, தம் அந்தரங்கத்தைப் பாடும் தற்காலப் பாடலாசிரியரோடு சேர்த்து எண்ணுவதால் வரும் குழப்பம் இங்கே பெரிது. அறுபதுகளின் அமெரிக்க நாட்டார் இசைச் சந்தை இக்குழப்பத்தின் மீதே நின்றது. ஒரு கிதார், ஒரு பாடகர், அவர் எழுதிய பாட்டு என்ற வார்ப்பு 'நாட்டார் இசை' என்று விற்கப்பட்டது. மறுபக்கம் 1970 ஜனவரியில் சுப்ரீம்ஸ் குழுவை விட்டு டயானா ராஸ் வெளியேறியது போன்ற பயணங்கள், குழு என்பது ஏணி, தனிப்புகழ் என்பது மாடி என்ற கதையை நிலைநிறுத்தின. ராஸைக் குறை சொல்லவில்லை, அது வேறு தொழில், வேறு விதி. அந்த அளவுகோலை எடுத்து ஜத்சார் பாடுகிறவரை அளப்பதுதான் பிழை.

ரீகன் மாடிக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் ஹராம்பீ சிங்கர்ஸ் என்ற பெண்கள் குழுவைக் கட்டினார். அதே 1966இல் ஆன் ரொமெய்ன் என்ற வெள்ளையினப் பாடகியோடு சேர்ந்து, கறுப்பினக் கலைஞர்களையும் வெள்ளையினக் கலைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றித் தென்மாநிலங்களில் சுற்றும் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தார். 1973இல் வாஷிங்டனில் 'ஸ்வீட் ஹனி இன் தி ராக்' தொடங்கியது. கருவியின்றிப் பாடும் கறுப்பினப் பெண்களின் அக்குழுவை 2004 வரை அவரே வழிநடத்தினார். குழு, தனி, மறுபடியும் குழு, நடுவே மறுபடியும் தனி இசைத்தட்டுகள். இதில் எது புறப்பாடு, எது வந்துசேர்தல் என்று சொல்ல முடியாது.

ஒரு மறுப்பை நான் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். தனி இசைத்தட்டின் உறையில் ஒரே பெயர்தான் இருக்கும். சபை முழுவதும் சேர்ந்து வளர்த்த பாடலுக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். இன்றைய இணையத் தளங்களில் இது இன்னும் மோசம். 'கலைஞர்' என்ற கட்டத்தில் ஒரு பெயரை இட்டால்தான் பாட்டு ஏறும், 'மரபு' என்று இட்டால் அதற்குப் பணம் பெறுகிறவர் எவருமில்லை. ஆகவே தனியே போகிறவரிடம் கணக்குக் கேட்பது தவறன்று. எதைக் கேட்கிறோம் என்பதுதான் வேறுபாடு. 'ஏன் போனாய்' என்பது பயனற்ற கேள்வி. யாரிடமிருந்து பெற்றாய், அவர்கள் பெயரை எங்கே சொல்கிறாய், அவர்கள் கேட்டால் அடையாளம் கண்டுகொள்வார்களா என்பவை கேட்க வேண்டியவை. எங்கள் குழுவிடம் இவற்றை எவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

ரீகன் இதற்குத் தந்த விடையை ஓர் ஆய்வு மாணவனாக நான் பொறாமையோடு பார்க்கிறேன். 1975இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் 1955 முதல் 1965 வரையான குடியுரிமை இயக்கத்தின் பாடல்கள். தாம் சிறையில் பாடியவற்றை, தாமே அடியெடுத்தவற்றை ஆவணமாக எழுதினார். பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். 1994இல் கறுப்பினப் புனித இசை மரபைப் பற்றி 26 பகுதிகள் கொண்ட வானொலித் தொடரை உருவாக்கினார். பாடகி, ஆய்வாளர், சாட்சி மூவரும் ஒருவரே. நம் ஆய்வேடுகளில் 'நான்' என்று எழுதினால் நெறியாளர் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். 'ஆய்வாளர் கருதுகிறார்' என்று எழுதி நம்மை நாமே படர்க்கையாக்கிக்கொள்கிறோம். தகவலாளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர்கள் பின்னிணைப்பில் எண்ணாகிவிடுகிறார்கள்.

1981இல் கலிபோர்னியாவில் நடந்த பெண்கள் இசை விழாவில் அவர் ஆற்றிய உரை, கூட்டணி அரசியல் பற்றியது. பெண்ணியப் பாடத்திட்டங்களில் இன்றும் படிக்கப்படுவது. வீடு வேறு, கூட்டணி வேறு என்பது அதன் மையம். ஒத்தவர்கள் மட்டும் கதவை அடைத்துக்கொண்டு கூடும் அறை தேவையானது, அங்கே ஊட்டம் கிடைக்கும். கூட்டணியில் ஊட்டம் கிடைக்காது, அங்கே உடம்பு நோகும். நோகவில்லை என்றால் அது கூட்டணியே அல்ல. இதைப் படித்தபோது நம் இரு பெயர்ச்சொற்களும் என் முன்னே நின்றன. வீடு என்பது 'நாங்கள்', கூட்டணி என்பது 'நாம்'. எங்கள் வளாகக் குழு ஒரு கூட்டணி. ஒரு தெலுங்கர், இரண்டு வங்காளிகள், ஒரு தமிழன், ஒரு போஜ்புரிப் பெண் என்று அமைந்தது அது. அதை வீடு என்று எண்ணிக்கொண்டது எங்கள் தவறு. வீடு என்று எண்ணியதால்தான் ஒருவர் தம் உண்மையான வீட்டின் பாட்டைத் தேடிப் போனதும் ஓடிப்போனவர் என்று பேசினோம்.

இந்தியில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று கிரிஜா குமார் மாத்தூர் பெயர்த்த அதே பாடலோடுதான் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நாங்கள் முடிப்போம். பள்ளிக் காலைக்கூட்டத்தில் பாடிப் பாடித் தேய்ந்துபோனது, ஆகவே எவரும் சொற்களைக் கேட்பதில்லை. எங்கள் எல்லாருக்கும் அந்த 'ஹம்' பன்மை. தோழி மூன்றாண்டுகள் எங்கள் நடுவே நின்று அதைப் பாடியபோது அவருடைய வாயில் அது 'நான்' ஆகவும் இருந்திருக்கக்கூடும். ரீகன் திருப்பிக் கேட்ட பழைய தேவாலய 'நான்', போஜ்புரி வழியாக எங்கள் மேடைக்கே வந்திருந்தது. பக்கத்தில் நின்ற மொழியியல் மாணவனுக்கு அது கேட்கவில்லை.

1975இல் வெளிவந்த ரீகனின் தனி இசைத்தட்டொன்று உண்டு, பாரெடோன் வெளியீடு. கேட்டால் பல பெண்கள் சேர்ந்து பாடுவதுபோல இருக்கும். எல்லாக் குரலும் அவருடையதே. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து அடுக்கியவை. அதன் இணைப்பைச் சென்ற மாதம் தோழிக்கு அனுப்பினேன். அன்று கூட்டத்தில் பேசாமல் இருந்ததற்கும் இரண்டு வரி எழுதினேன். நான்கு நாள் கழித்து விடை வந்தது: "ஹம் சுன் லியே". இம்முறை எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.